பதினான்காம் அத்தியாயம்

அலுவலகத்தில் அவளுக்கு ‘வருந்துகிறோம் மேடம்’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் மூன்றாம் மாடியில் அறைக்கும் அறைக்கும் நடுவே இருப்பது சுவரல்ல, ஒட்டுப்பலகை. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் தாள் பறக்கும். ஆகவே அவள் காதுக்கு அது எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. கோபம் வரவில்லை. ஒன்பது வருடத்தில் அவள் கையால் போன கடிதங்களில் முக்கால்வாசி அந்தச் சொல்லில்தான் தொடங்கின. பிறகு பேர் வைக்காமல் என்ன செய்வார்கள்?

இரண்டு வார இதழ்களும் ஆண்டுக்கு முப்பது நாற்பது புத்தகங்களும் வெளியிடும் நிறுவனம் அது. ஐந்து மாடி. இரண்டாம் மாடியில் இதழ்க்காரர்கள். அங்கே எந்நேரமும் சந்தைக்கடை இரைச்சல். நான்காவதில் கணினிகள், ஒலிப்பதிவு அறை. ஐந்தாவதில் முதலாளிகள், அங்கே கம்பளம் விரித்திருப்பதால் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்றே தெரியாது. மூன்றாவதுதான் புத்தகப் பிரிவு. பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும், ஏசி இயந்திரம் ஒன்று சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவதும் தெரியும்.

புத்தகமாக வேண்டும் என்று ஊரார் எழுதி அனுப்புவதையெல்லாம் முதலில் படிப்பது அவள் வேலை. படித்து ஒரு பக்கக் குறிப்பு எழுதி எடிட்டரிடம் கொடுக்க வேண்டும். மூன்று வகைக் கடிதங்கள் உண்டு. ‘வருந்துகிறோம்’ ஒன்று. ‘இன்னின்ன இடத்தைத் திருத்தி அனுப்பினால் பார்க்கிறோம்’ என்பது இரண்டாவது. ‘நேரில் வாருங்கள்’ என்பது மூன்றாவது. அது வருடத்துக்கு நான்கோ ஐந்தோ போனால் அதிகம். ஒருமுறை ஒருவர் அவள் கடிதத்தின் பின்புறத்திலேயே பதில் எழுதி அனுப்பியிருந்தார்: ‘உங்கள் வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் தாள்களைத் திருப்பி அனுப்புங்கள்.’ அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, அதைக் காட்டுவதற்கு யாராவது இருக்கிறார்களா என்று நிமிர்ந்து பார்த்தாள். ஏசி சொட்டிக்கொண்டிருந்தது.

மின்னஞ்சலில் வருவதைக்கூட அச்செடுத்துத்தான் படிப்பாள். திரையில் படித்தால் இரக்கம் வருவதில்லை என்பது அவள் கட்சி.

வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும், மற்ற நாள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. அவள் ஐந்து நாளும் வருவாள். பேச்சுத்துணை வீட்டிலும் இல்லை, அலுவலகத்திலும் இல்லை. ஆனால் அலுவலகத்தில் மற்றவர்கள் பேசுகிற சத்தமாவது பலகைக்கு அந்தப் பக்கம் கேட்கும். வெள்ளிக்கிழமை மாலை வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் “வரேன்” என்று சொல்வாள். அதற்குப் பிறகு அவள் குரலுக்கு வேலை வருவது திங்கட்கிழமைதான்.

அந்த வரவேற்புப் பெண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: வானொலி. ஐந்து மாடிச் செய்தியும் அவளிடம் ஒலிபரப்பாகும். தபாலில் வருவதைப் பிரித்து, பெயரும் முகவரியும் உள்ள தாளை உருவி எடுத்துவிட்டு, மேலே ஓர் எண்ணை எழுதி மூன்றாம் மாடிக்கு அனுப்புவதும் அவள்தான். எழுதியவர் யாரென்று முதலில் படிப்பவருக்குத் தெரியக் கூடாது என்பது எடிட்டர் வைத்த விதி. “தெரிஞ்சவன் எழுதினா தலைவலி, தெரியாதவன் எழுதினா வேலை. நமக்கு வேலை போதும்” என்பார்.

அப்படித்தான் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. கட்டுக்கு மேலே ‘நீர்க்கோட்டுக்குக் கீழே’ என்று தலைப்பு. சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த ஒருவரின் வாழ்க்கை. முந்நூற்று நாற்பது பக்கம், நல்ல இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்தது. ‘கப்பல்காரர்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு சிறுவன் அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப் போடுகிறான். திரும்பப் பூட்டும்போது மூன்று திருகாணிகள் மிஞ்சுகின்றன. அப்பா வருகிறார். ‘நான்தான் என்று முன்னால் போய் நின்றேன். அப்பா அடிக்கவில்லை. பிரிக்கத் தெரிந்தவன் ஒருநாள் பூட்டவும் கற்றுக்கொள்வான் என்றார்.’

அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

முன்னால் போய் நின்றது அவனல்ல. அவன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தான். ஆறு வயதில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு “நான்தாம்ப்பா பிரிச்சேன்” என்று சொன்னது அவள். அப்பா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பத்து வயது அண்ணனை இழுத்து, காதைத் திருகிக்கொண்டேதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். வாக்கியம் அப்படியே இருக்கிறது. காதையும் காணோம், தங்கையையும் காணோம்.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். விதிப்படி அந்தக் கட்டை அப்போதே எடிட்டர் மேசையில் வைத்து, “இவர் எனக்குத் தெரிஞ்சவர், வேற யாராவது படிக்கட்டும்” என்று சொல்லியிருக்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள் படிக்க? அப்படி ஒரு சாக்கைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பத்தாம் பக்கத்தைத் திருப்பினாள்.

அண்ணனும் அவளும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

அப்பா படுக்கையில் விழுந்தது அதற்கும் இரண்டரை வருடம் முன்பு. அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வரன் கூடிவரும் போலிருந்தது. அவர்கள் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அண்ணன் கடலில் இருந்தான். கப்பல் கம்பெனி முகவரிக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவாள். அப்பா என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், என்ன கேட்டார் என்று எல்லாம் எழுதுவாள். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. எப்போதாவது ஏதாவதொரு துறைமுகத்திலிருந்து போன் வரும். “எப்படி இருக்காரு?” என்பான். “இருக்காரு” என்பாள். “சரி, பாத்துக்கோ.” அவ்வளவுதான்.

முடிவு நெருங்கியபோது சேதி அனுப்பினாள். ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கிறது என்றான். இரண்டு மாதம் முடிந்ததும் இன்னொரு கப்பலில் ஏறிவிட்டான். எல்லாம் முடிந்து இருபத்திரண்டு நாள் கழித்துத்தான் வந்தான். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“நீ இருக்கன்னுதான் நான் நிம்மதியா இருந்தேன்” என்றான்.

“உன் நிம்மதிக்கு நான்தான் கெடச்சேனா?” என்றாள்.

ஒரு பேச்சு, ஒரு கேள்வி. அதோடு முறிந்தது. அண்ணி இரண்டு மூன்று முறை போன் செய்து பார்த்தாள், இவள் எடுக்கவில்லை. பிறகு இவள் ஊர் மாறினாள், இந்த வேலைக்கு வந்தாள். அவன் கப்பலை விட்டு இறங்கி நான்கு மணி நேரப் பயணத்தில் உள்ள ஓர் ஊரில் வீடு பார்த்துக்கொண்டான் என்று உறவில் ஒரு அத்தை சொல்லித் தெரியும். எண்ணும் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டாளே தவிர அழைத்ததில்லை.

மூன்று நாள் படித்தாள். எரிச்சல் என்னவென்றால், நன்றாக இருந்தது. கப்பலின் அடிவயிற்றில் நாற்பத்தைந்து டிகிரி வெக்கை. காதை அடைக்கும் இரைச்சலில் ஆட்கள் கைஜாடையிலேயே சண்டை போட்டு, கைஜாடையிலேயே சமாதானம் ஆகிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அமைதி தாங்காமல் மிக்ஸியை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பொறியாளர். எண்ணெய் நாற்றம் தாளிலிருந்து எழுந்து வந்தது. ஒன்பது வருடமாக எத்தனையோ பேரின் வெத்துவேட்டை வாசித்துச் சலித்த கண் அது. நல்லதைப் பார்த்தால் தன்னாலே நின்று வாசித்தது. இவனுக்கு எழுத வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதியவனா இவன்?

ஆனால் அவள் வேறொன்றையும் தேடிக்கொண்டே போனாள். அப்பா வந்தார். அம்மா வந்தாள். அடுத்த வீட்டு நாய்கூட இரண்டு இடத்தில் வந்தது. முந்நூற்று நாற்பது பக்கத்தில் ‘தங்கை’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

பதினான்காம் அத்தியாயம் அப்பாவின் சாவு. அதில் மகன் சேதி கேட்டு ஓடி வருகிறான். பத்தொன்பது நாள் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறான். கரண்டியால் கஞ்சி புகட்டுகிறான். ‘வலப்பக்கம் திருப்பினால் பெருமூச்சு விடுவார். இடப்பக்கம் திருப்பினால் முனகுவார். ஆகவே வலப்பக்கமே திருப்பக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் ஆனால் போதும், கதவைச் சாத்தினாயா, கதவைச் சாத்தினாயா என்று கேட்பார். சாத்திவிட்டேன் என்றால் நம்பமாட்டார். எழுந்து போய்த் திறந்து, அவர் காதில் விழும்படி மறுபடி சாத்த வேண்டும்.’

அவள் அந்த வரிகளை மறுபடி படித்தாள். பொய்யைத் தேடி அல்ல. அவை அவளுடைய வாக்கியங்கள். அந்த ‘ஆகவே’ உட்பட அவளுடையது. கஞ்சி ஆறுவதற்குள், மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, கப்பல் கம்பெனி முகவரிக்கு அவள் எழுதிய வாக்கியங்கள். கடலில் போட்ட கல் மாதிரி போய்விட்டன என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். போகவில்லை. அவன் எல்லாவற்றையும் படித்திருக்கிறான். வரி வரியாக வைத்திருந்து, கடைசியில் தன் பெயரில் உட்காரவைத்துவிட்டான்.

திருடிவிட்டான் என்று அழுவதா, படித்தானே என்று அழுவதா? அவளுக்கு விளங்கவில்லை. அழவும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ அட்டைப்படத்தின் நீலம் அதிகமா குறைவா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மதியம் முதல் வகைக் கடிதத்தை அடித்து அச்செடுத்தாள். ‘வருந்துகிறோம். தங்கள் நூல் எங்கள் வெளியீட்டு நோக்கங்களுக்கு ஏற்றதாக இல்லை.’ பத்து விநாடி வேலை. எத்தனையோ பேருக்கு அனுப்பியது. மேசையில் வைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். பிறகு அந்தத் தாளை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டுக் குறிப்பு எழுத உட்கார்ந்தாள்.

எடிட்டர் அதைத் தன் அறையில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, வாய்விட்டுப் படித்தார். “‘வெளியிடலாம். என்ஜின் அறையைப் பற்றி நம் மொழியில் இப்படி யாரும் எழுதிப் பார்த்ததில்லை.’ பரவாயில்லையே, உங்க வாயிலேருந்து இப்படி ஒரு பாராட்டு வந்து ரெண்டு வருஷம் இருக்கும்.” மேலே படித்தார். “‘பதினான்காம் அத்தியாயம் மட்டும் சேரவில்லை. மற்ற இடங்களில் எண்ணெய் நாற்றம் வருகிறது; இதில் மருந்து நாற்றம் இல்லை. எழுதியவர் அந்த அறையில் இருந்தாரா என்று சந்தேகம் வருகிறது. இருந்தவரைக் கேட்டு எழுதினால் நல்லது.’” நிறுத்தினார். “கொஞ்சம் கடுமையா இல்ல? மனுஷன் அப்பா செத்ததை எழுதியிருக்காரு.”

“அதனாலதான் சார் சொல்றேன்.”

அவர் அவள் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். “சரி, ரெண்டாவது கடிதம். அப்படியே போகட்டும்” என்று கையெழுத்துப் போட்டார். குறிப்பு எழுதியவர் பெயரைச் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் அவள் யாரையும் ‘வருந்துகிறோம்’ என்று சொல்லித் திருப்பவில்லை. கட்டுகள் மேசையில் ஏறிக்கொண்டே போயின. காலையில் வரும்போது வானொலியின் மேசையில் தபால் கிடந்தால் காலணி வாரைச் சரிசெய்வது போல அங்கேயே குனிந்து நிற்பாள்.

பதில் எடிட்டருக்குத்தான் வந்தது. அவரே மூன்றாம் மாடிக் கடைசி வரை நடந்து வந்து அவளிடம் கொடுத்தார். “நீங்க சொன்னது சரியாப்போச்சு. படிங்க.”

‘ஐயா, உங்கள் குறிப்பை எழுதியவர் யாரோ எனக்குத் தெரியாது. கெட்டிக்காரர். நான் அந்த அறையில் இல்லை. என் தங்கை இருந்தாள். அவள் எனக்கு எழுதிய நூற்றுச் சொச்சம் கடிதங்களிலிருந்து எடுத்து எழுதினேன். இருந்தவரைக் கேட்டு எழுதச் சொல்கிறீர்கள். கேட்க எனக்கு முகம் இல்லை. ஆகவே பதினான்காம் அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். பதின்மூன்றின் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். அது போதும்.’

அந்த இரண்டு வரியைத் தனியே ஒரு தாளில் அடித்து இணைத்திருந்தான். ‘நான் கடலில் இருந்தபோது அப்பா போய்விட்டார். கூட இருந்தவள் என் தங்கை.’

“உருக்கமான அத்தியாயத்தை இப்படித் தூக்கிட்டாரே” என்றார் எடிட்டர். “அந்தத் தங்கச்சியைப் போய்ப் பாருங்க, பேசுங்கன்னு எழுதலாமா?”

“வேணாம் சார். அது நம்ம வேலை இல்ல.”

“அதுவும் சரிதான்” என்று அவர் போய்விட்டார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நூலாசிரியர் எந்தத் தேதிக்கு வருகிறார் என்பதை வானொலி ஒரு வாரம் முன்பே ஒலிபரப்பிவிட்டாள். அன்று விடுப்புப் போடுவது என்றுதான் அவள் தீர்மானித்திருந்தாள். காலையில் எழுந்து, குளித்து, வீட்டில் இருந்து என்ன செய்வது என்று தெரியாமல், வழக்கமான பேருந்திலேயே வந்துவிட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வருவான், கையெழுத்துப் போடுவான், போய்விடுவான். மூன்றாம் மாடிக் கடைசிக்கு யார் வரப்போகிறார்கள்?

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. “வாங்க வாங்க” என்றபடி எடிட்டர். பின்னால் அவன்.

தலை முழுக்க நரைத்திருந்தது. உடம்பு கனத்திருந்தது. இரண்டு காதிலும் கேட்கும் கருவி. முப்பத்தொரு வருட இரைச்சல் வாங்கிக்கொண்டது போக மிச்சம்.

“இவங்கதான் உங்க புத்தகத்தை முதல்ல படிச்சவங்க” என்று எடிட்டர் குரலை உயர்த்திச் சொன்னார். “பதினாலாம் அத்தியாயத்துல கை வச்சவங்களும் இவங்கதான். சண்டை போடறதா இருந்தா இப்பவே போட்டுடுங்க!”

அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அவள் எழுந்தாள்.

“வணக்கம்” என்றாள். “உக்காருங்க.”

“வணக்கம்” என்றான் அவனும். உட்கார்ந்தான். எடிட்டருக்கு மட்டும் எல்லாம் நல்லபடியாக நடப்பதாகத் தோன்றியது. அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. “ஒரு நிமிஷம், மேலேருந்து கூப்பிடறாங்க” என்று வெளியே போனார்.

இருவரும் தனியாக இருந்தார்கள்.

“நீயா?” என்றான் அவன். காது மந்தமானவர்களுக்கு வழக்கமான உரத்த குரல். பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த பேச்சு சட்டென்று நின்றது.

அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

“என்ன?”

“மெதுவா” என்றாள்.

“கேக்கல.”

இன்னும் உரக்கச் சொன்னால் மாடி முழுக்கக் கேட்கும். யாரோ மின்னஞ்சலில் அனுப்பிய நாவலின் பக்கம் ஒன்றை உருவி, அதன் பின்புறத்தில் அவள் எழுதினாள்: ‘நான்தான். ஒன்பது வருஷமா இங்கதான்.’ அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் படித்தான். அவளைப் பார்த்தான். பேனாவுக்குக் கை நீட்டினான். எழுதுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டான். கடைசியில் அவன் எழுதியது: ‘தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்.’

அவள் எழுதினாள்: ‘கடிதமெல்லாம் வச்சிருக்கியா?’

‘எல்லாம்.’

‘ஒண்ணுக்காவது பதில் போட்டிருக்கலாம்.’

அவன் பேனாவைத் தாளில் ஊன்றினான். ஒரு புள்ளி விழுந்தது, பெரிதாகப் பரவியது. பேனாவை மூடி வைத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“சாப்பிட்டியா?” என்று உரக்கக் கேட்டான்.

மணி பதினொன்று முப்பத்தைந்து. எந்தச் சாப்பாடு? ஆனாலும் “ஆச்சு” என்றாள் அவளும் உரக்க.

எடிட்டர் திரும்பி வந்துவிட்டார். “என்ன, சமாதானம் ஆயிட்டீங்களா?” என்று சிரித்தார். அவன் எழுந்து, போகிற போக்கில் அந்தத் தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அது இன்னொருவருடைய நாவலின் ஐம்பத்தெட்டாம் பக்கம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு கணினியிலிருந்து அந்தப் பக்கத்தை மறுபடி அச்செடுத்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. போன் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தானே அழைக்கலாம், எண் இருக்கிறது. என்னவென்று அழைப்பது? புத்தகம் நான்கு மாதத்தில் வெளிவந்தது. வெளியீட்டு விழா என்று எதுவும் வைக்கவில்லை. அவளுக்கு ஒரு பிரதி தபாலில் வந்தது. உள்ளே கையெழுத்து மட்டும் இருந்தது. ‘அன்புடன்’ என்றுகூட இல்லை. அதை எழுதுவதா வேண்டாமா என்று அவன் எவ்வளவு நேரம் யோசித்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவளாக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பாள்.

பிரதி வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, மேசைத் தொலைபேசி அடித்தது.

“உங்களுக்கு அந்தக் கப்பல்காரர்” என்றாள் வானொலி. “நேரா உங்களைத்தான் கேக்கறாரு!”

“பக்கம் நாப்பத்தொண்ணு” என்றது அண்ணனின் குரல். போனில் அவனுக்கு நன்றாகக் கேட்டது. கருவியில் அதற்கென்று ஏதோ பொத்தான் இருக்கிறதாம். “கொதிகலன்னு இருக்கணும். கொதிகலம்னு அடிச்சிருக்காங்க.”

“குறிச்சுக்கறேன்.”

“அடுத்த பதிப்புல மாத்திடுவீங்கல்ல?”

“மாத்திடலாம்.”

“அங்க மழையா?”

“இல்ல. அங்க?”

“இங்கயும் இல்ல.” வைத்துவிட்டான்.

அடுத்த புதன், பக்கம் அறுபத்தாறு: ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. அதற்கடுத்த புதன், ஒரு துறைமுகத்தின் ஆழம் பதின்மூன்று மீட்டருக்குப் பதில் முப்பத்தொன்று ஆகியிருந்தது. “கப்பல் இல்ல, மலையே முழுகிடும்” என்றான். அவள் சிரித்தது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அன்று மழையைப் பற்றிக் கேட்காமல் அவள் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டான். யார் சொன்னார்களோ, அந்த அத்தையாக இருக்கும். நான்காம் புதனன்று நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்து, காலையில் நல்ல புடவையாக எடுத்திருப்பதைக் கவனித்து, தொலைபேசிக்கா இந்த அலங்காரம் என்று தன்னையே கேலி செய்துகொண்டாள்.

இருநூற்றுத் தொண்ணூறு பக்கப் புத்தகம். தன் புத்தகத்தை ஒரு மனிதன் ஒரே மூச்சில் படித்துவிடுவான். பிழையெல்லாம் ஒரே நாளில் கண்ணில் பட்டுவிடும். இவன் வாரத்துக்கு ஒன்றாகக் கொண்டுவந்தான். அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்ததை அவள் சொல்லவில்லை. ‘மொத்தமா ஒரு பட்டியல் அனுப்பிடுங்களேன்’ என்று எந்த நூலாசிரியரிடமும் சொல்வதை அவனிடம் மட்டும் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றியோ, கடிதத்தைப் பற்றியோ, பெட்டியைக் கீழே வைக்காமல் பேசிய அந்தப் பேச்சைப் பற்றியோ இருவரும் வாய் திறக்கவில்லை. ஒற்று மிகுமா மிகாதா என்று பத்து நிமிடம் பேசினார்கள்.

ஒன்பது பிழை. ஒன்பது புதன்.

பத்தாவது புதன்கிழமை தொலைபேசி அடிக்கவில்லை. பதினொன்றாவதும் இல்லை. தீர்ந்துவிட்டது போலும் என்று நினைத்தாள். பிழை தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. இதற்குமேல் எதைச் சொல்லிக் கூப்பிடுவான்? மூன்றாவது வாரம் வானொலியே கேட்டாள், “என்ன மேடம், கப்பல் வரக்காணோம்?” அவள் சிரித்து வைத்தாள்.

அந்தச் சனி ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து, பென்சிலும் கையுமாகப் புத்தகத்தை முதலிலிருந்து மறுபடி படித்தாள். ஒன்பது வருடத்தில் எந்தப் புத்தகத்திலும் பிழை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவள் படித்ததில்லை. ஞாயிறு மாலை நான்கு மணி வாக்கில், நூற்று எழுபத்து மூன்றாம் பக்கத்தில் கிடைத்தது. ‘அலை’ இருக்க வேண்டிய இடத்தில் ‘இலை’.

திங்கட்கிழமை வரை காத்திருக்கலாம். அலுவலகத்திலிருந்து அழைத்தால் அது வேலை. அவள் காத்திருக்கவில்லை. அத்தை கொடுத்த எண்ணைத் தேடி எடுத்து, எழுந்து நின்றுகொண்டு அழைத்தாள்.

அண்ணி எடுத்தாள். “யாரு?”

“நான்தான் அண்ணி.” ஏறக்குறைய பன்னிரண்டு வருடம் கழித்து அந்தச் சொல் வாயிலிருந்து சரளமாக வந்துவிட்டது.

“சொல்லும்மா.”

“அண்ணன்கிட்ட, பக்கம் நூத்தி எழுபத்தி மூணுன்னு சொல்லணும். ஒரு பிழை. அலைக்குப் பதிலா இலைன்னு இருக்கு.”

“அவருக்கு ஒரு மாசமா காதுல சீழ். கருவியே போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன்ல ஒண்ணும் கேக்காது. புதன்கிழமையானா போன்கிட்ட வந்து உக்காருவாரு, எழுந்து போவாரு. இரு, நானே சொல்லிப் பாக்கறேன்.”

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வீட்டையே தூக்கும் குரலில் அண்ணி கத்தினாள்: “உங்க தங்கச்சி! நூத்தி எழுபத்தி மூணாம்! எலையாம்!”

தூரத்திலிருந்து அதைவிடப் பெரிய குரலில் பதில் வந்தது. “தெரியும்னு சொல்லு! அதை அடுத்த புதனுக்குன்னு வச்சிருந்தேன்னு சொல்லு!”

அண்ணி போனை எடுத்தாள். “கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“ஒரு தடவை வந்துட்டுப் போயேன். பஸ் நேரா இங்க வருது.”

“பாக்கறேன் அண்ணி” என்றாள். எப்போது என்று அண்ணி கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை. காது சரியாகட்டும், பிறகு பார்ப்போம் என்று ஆளுக்கு ஒரு வார்த்தை பேசி வைத்தார்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்தப் புத்தகத்துக்கான திருத்தத் தாளை எடுத்துப் பத்தாவது வரியில் பக்கம், பத்தி, பிழை, திருத்தம் என்று வரிசையாக எழுதினாள். விற்பனைப் பிரிவு அனுப்பிய கணக்கின்படி முதல் பதிப்பிலேயே பாதிக்குமேல் கிடங்கில் கிடந்தது. இரண்டாம் பதிப்பு வருமோ வராதோ, யாருக்கும் தெரியாது. தாளைக் கோப்பில் வைத்துவிட்டு, மேசையில் ஏறிக் கிடந்த கட்டுகளில் மேலாக இருந்ததை எடுத்துப் பிரித்தாள்.